விலை, வாங்குவோர் கண்ணில் படட்டும்

மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தரகர் தம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொள்வார். எதிரே நிற்பவர் அத்துண்டின் அடியிலே தம் கையை விடுவார். விரல்களைத் தொட்டும் மடக்கியும் விலை பேசப்படும். சுற்றி நிற்பவர்கள் துண்டு அசைவதைக் காண்பார்களேயன்றித் தொகையை அறியமாட்டார்கள். மாட்டுக்கு உரியவரே சில வேளைகளில் கடைசியில்தான் அதைத் தெரிந்துகொள்வார்.

இன்று நம் கிராமங்களிலே கணினி வைத்துப் பில் போடும் கடைகள் பெருகி வருகின்றன. கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்கள், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடைகள், உரக்கடைகள் ஆகியவை இவ்வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. மானிய உர விற்பனை 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துக்குள் நாடெங்கும் விற்பனைக் கருவியின் மூலம் நடைபெறும் முறைக்கு மாற்றப்பட்டது. 2019-இல் அதற்குக் கணினியில் இயங்கும் மென்பொருளும் வெளிவந்தது. இவையெல்லாம் நல்ல மாறுதல்களே. ஆயினும், கணினியின் திரை விற்பவரையே நோக்கியிருக்கிறது. வாங்க வந்தவருக்குத் தெரிவது அதன் முதுகுதான். துண்டு போய்க் கணினி வந்த பிறகும் தொகை மறைவாகவே இருக்குமானால், நாம் அடைந்த முன்னேற்றம் பாதிதான் அல்லவா?

இக்குறையை நீக்குவதற்கென்றே ஒரு சிறு சாதனம் இருக்கிறது. சிறு கம்பத்தின் மேல் நின்று, வாங்குபவரை நோக்கித் தொகையைக் காட்டும் பலகை அது. கடைக்காரர்கள் அதைக் ‘கஸ்டமர் டிஸ்ப்ளே’ என்பர். நாம் இங்கே விலைகாட்டி என்றே சொல்வோம். அதை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, பேச வைக்கவும் வேண்டும் என்பதை நமது முகையூர் ஊராட்சி ஒன்றியத்திலே நேர்ந்த அனுபவத்தால் அறிந்தோம்.

ஐந்து மாதம் வணக்கம் சொன்ன பலகை

நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு மகளிர் குழு கடலை எண்ணெய், மாவு வகைகள், மளிகைச் சாமான்கள் ஆகியவற்றை விற்கும் கடையொன்றை நடத்தி வருகிறது. கணினி, பில் அச்சிடும் கருவி, விலைகாட்டி ஆகிய மூன்றையும் அவர்கள் ஒரே இடத்தில் வாங்கினர். கருவிகளைக் கொண்டுவந்தவர் கணினியையும் அச்சுக் கருவியையும் இயக்கிக் காட்டினார். விலைகாட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் அதில் ஓர் ஆங்கில வரவேற்பு வாசகம் ஒளிர்ந்தது. “இதுவும் வேலை செய்கிறது” என்று சொல்லிவிட்டு அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் ஐந்து மாதம் அப்பலகை அதே வாசகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. விலை ஒன்றைக்கூட அது காட்டவில்லை.

ஒரு நாள் மூதாட்டி ஒருவர் 110 ரூபாய் விலையுள்ள இரண்டு பாட்டில் எண்ணெய் வாங்கினார். பில் போட்டவர் கைதவறி மூன்று என்று பதிந்துவிட்டார். 500 ரூபாய்க்கு மீதி 170 ரூபாய் கொடுக்கப்பட்டது. வீட்டிலே பேரன் பில்லைப் படித்த பிறகே பிழை வெளிப்பட்டது. மறுநாள் அவர் வந்ததும் குழுவினர் கணக்கைச் சரிபார்த்து, 110 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, வருத்தமும் தெரிவித்தனர். “எனக்குப் படிக்கத் தெரியாது, ரூபாயை எண்ணத் தெரியும். தொகையை எனக்கும் காட்டியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனே?” என்று அவர் கேட்டார்.

பணம் திரும்பிவிட்டது, ஊரிலே புறப்பட்ட பேச்சு திரும்பவில்லை. அத்தெருவிலிருந்து சில வாரம் கடைக்கு எவரும் வரவில்லை. பன்னிரண்டு பெண்கள் சேமித்த பணத்தில் எழுந்த கடைக்கு இது சிறிய நஷ்டமன்று. அதன் பிறகே அந்தப் பலகையைப் பேச வைத்தாக வேண்டும் என்று குழுவினரும் நாமும் உட்கார்ந்தோம்.

பழைய வழக்கமே இது

வாங்குவோர் காண விலை காட்டுவது புதிய நாகரிகமன்று. 1844-இல் இங்கிலாந்து நாட்டின் ராக்டேல் நகரத்திலே 28 தொழிலாளர்கள் கூடிக் கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தனர். சரியான எடை, கலப்படமற்ற சரக்கு, ரொக்க வியாபாரம் ஆகியவையே அக்கடையின் கொள்கைகள். நம் நாட்டிலே 1904-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் அவ்வழியைப் பின்பற்றியதே.

அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி என்பவர், பணியாளர்கள் கல்லாப் பணத்தை எடுத்துக்கொள்வதைக் கண்டு மனம் நொந்தார். ஒருமுறை கப்பலில் பயணம் செய்தபோது, அதைச் செலுத்தும் விசிறியின் சுற்றுகளை எண்ணும் பொறி ஒன்றைக் கண்டார். அதிலிருந்து பிறந்த யோசனையைக் கொண்டு 1879-இல் கல்லாப் பொறிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அதன் முகப்பிலே கடிகாரத்தைப் போன்ற வட்டத்தில் தொகை தெரியும். பதிந்த தொகை கடையில் நிற்போர் கண்ணுக்கெல்லாம் பட்டதால், வாங்குபவரே கணக்குக்குச் சாட்சியானார். இன்றைய விலைகாட்டி அப்பொறியின் வழி வந்ததே.

இவ்வளவு தொலைவு போக வேண்டுவதுமில்லை. அரகண்டநல்லூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலே தம் மூட்டை தராசில் ஏறும்போது விவசாயியின் கண் எங்கே இருக்கும்? தராசு காட்டும் எண்ணின் மேல்தான். விற்கும்போது நாம் கேட்கும் அந்த உரிமையை, நம் கடைக்கு வாங்க வருபவருக்கும் கொடுக்க வேண்டாமா?

மதகிலிருந்து கடைமடை வரை

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அனுபவமுள்ள விவசாயி என்ன செய்வார்? ஏரி மதகிலே தொடங்கி வாய்க்காலின் வழியே நடந்து, தண்ணீர் எந்த இடம் வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். அடைப்பு இருக்கும் இடம் தானே தெரிந்துவிடும். விலைகாட்டியைச் சீர்படுத்துவதற்கும் இதுவே வழி. இங்கே கணினியின் மென்பொருள் மதகு, கேபிள் வாய்க்கால், பலகை கடைமடை.

முதலாவது, மின்சாரம். பலகையில் வரவேற்பு வாசகம் ஒளிர்வது, மின்சாரம் வந்துள்ளது என்பதற்கு மட்டுமே அடையாளம். அவ்வாசகம் பலகைக்குள்ளேயே தொழிற்சாலையில் பதித்து வைத்தது. கணினி சொல்வது அதன் காதில் விழுகிறது என்பதற்கு அது சான்றாகாது. நம் குழுவினர் ஏமாந்தது இவ்விடத்திலேதான்.

இரண்டாவது, கேபிள். இவ்வகைப் பலகைகள் பெரும்பாலும் ‘சீரியல்’ என்னும் தொடர் முறையில் செய்தியைப் பெறுகின்றன. அகன்ற சாலையிலே எட்டுப் பேர் ஒரே வரிசையாக நடக்கலாம். வயல் வரப்பின் மேல் ஒருவர் பின் ஒருவராகவே செல்ல முடியும். அதைப் போல, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எட்டுக் குறிகளும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. இதற்கான ஆர்.எஸ்.232 என்னும் நியமம் 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஒன்பது ஊசிகள் கொண்ட கணினி இணைப்பில் 3-ஆம் ஊசி பேசுவது, 2-ஆம் ஊசி கேட்பது, 5-ஆம் ஊசி இரண்டுக்கும் பொதுவானது. கணினியின் வாய் பலகையின் காதோடு சேர வேண்டும். வாயோடு வாயைச் சேர்த்துவிட்டால் பயனில்லை. கேபிள்களில் நேராகச் செல்வதும் குறுக்காக மாற்றிக் கட்டியதும் உண்டாதலின், பலகையோடு வந்த கேபிளையே உபயோகிப்பது உத்தமம். கேபிளைச் செருகும்போதும் எடுக்கும்போதும் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, கணினியின் வாசல். இக்காலக் கணினிகள் பலவற்றில் ஒன்பது ஊசி இணைப்பே இல்லை. யு.எஸ்.பி. துளையில் செருகும் மாற்றி ஒன்று வேண்டும். அதற்குரிய ‘டிரைவர்’ என்னும் மென்பொருளையும் கணினியில் ஏற்ற வேண்டும். பிறகு கணினி அவ்வாசலுக்குக் ‘காம் 3’, ‘காம் 4’ என்று ஓர் எண் கொடுக்கும். விண்டோஸ் கணினியில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற பகுதியில் ‘போர்ட்ஸ்’ என்பதன் கீழ் அதைக் காணலாம். பில் போடும் மென்பொருளின் அமைப்புப் பக்கத்திலும் அதே எண்ணைக் குறிக்க வேண்டும். தெருவும் வீட்டு எண்ணும் சரியாக இல்லாத தபால் போய்ச் சேருமா? பழைய மென்பொருள்கள் சிலவற்றுக்கு 9-க்கு மேற்பட்ட காம் எண்கள் புரிவதில்லை. அப்போது வாசலுக்குச் சிறிய எண் ஒன்றை ஒதுக்கிக் கொடுக்கலாம்.

நான்காவது, வேகம். இரண்டு வரிப் பலகைகளுக்குப் பெரும்பாலும் விநாடிக்கு 9600 குறிகள் என்பது வேகம். எண்களை மட்டும் காட்டும் எட்டு இலக்கப் பலகைகள் பலவற்றுக்கு அது 2400. எட்டுக் குறிகளோடு தொடக்கத்துக்கு ஒன்றும் முடிவுக்கு ஒன்றும் சேர, எழுத்துக்குப் பத்துக் குறிகள் ஆகின்றன. எனவே 9600 வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்துகள் செல்லும். வரிக்கு 20 எழுத்தாக இரண்டு வரிக்கும் உரிய 40 எழுத்துகள் கண் இமைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் பேசுபவரும் கேட்பவரும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். மாறினால் பலகையில் பொருளற்ற குறிகள் தோன்றும். பலகையின் வேகம் அதனோடு வந்த குறிப்பேட்டில் இருக்கும். சிலவற்றில் அடிப்புறத்திலுள்ள சிறு சுவிட்சுகளால் அதை மாற்றலாம். ‘பாரிட்டி’ என்னும் சரிபார்ப்புக் குறியும், ‘ஃப்ளோ கன்ட்ரோல்’ என்னும் அனுமதி கேட்கும் முறையும் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே இருக்க வேண்டும். அனுமதி கேட்கும் முறையை வைத்துவிட்டால், பலகை தராத அனுமதிக்காகக் கணினி காத்துக்கொண்டே நிற்கும்.

ஐந்தாவது, கட்டளை மொழி. திரையைத் துடை, இரண்டாம் வரிக்குப் போ என்பன போன்ற கட்டளைகளும் எழுத்துகளோடு சேர்ந்தே செல்கின்றன. எப்சன் முறை போன்ற பல முறைகள் வழக்கில் உள்ளன. கணினி ஒரு முறையிலும் பலகை வேறொரு முறையிலும் இருந்தால், கட்டளையையும் பலகை எழுத்தாகவே எண்ணிக் காட்டிவிடும். நம் குழுவின் பலகையில் விலைக்கு முன்னே தேவையற்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. மென்பொருளின் அமைப்பில் முறையை மாற்றியதும் அவை மறைந்தன.

வாய்க்காலைப் பாதியில் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. பில் போடும் மென்பொருளை மூடிவிட்டு, சிறிய சோதனை மென்பொருள் ஒன்றின் மூலம் ஒரு சொல்லை நேரே அவ்வாசலுக்கு அனுப்ப வேண்டும். பலகையில் அச்சொல் தெரிந்தால் கேபிள், வாசல், வேகம் மூன்றும் சரி. குறை மென்பொருளின் அமைப்பில்தான் உள்ளது. தெரியாவிட்டால் மென்பொருளைக் குறைசொல்ல வேண்டாம். கேபிளின் பக்கம் செல்லலாம். சோதனை முடிந்ததும் அச்சிறு மென்பொருளை மூடிவிடவேண்டும். ஒரு வாசலை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

தமிழ் எழுத்தும் எண்ணும்

பொருளின் பெயரைத் தமிழிலேயே காட்ட வேண்டும் என்பது குழுவினரின் விருப்பம். முயன்றபோது வெறும் கிறுக்கல்களே தோன்றின. காரணம் எளிது. இவ்வகைப் பலகைகள் தம்முள் பதித்துள்ள எழுத்துகளை மட்டுமே காட்ட வல்லவை. அவற்றுள் பெரும்பாலும் தமிழ் இல்லை. மேலும், கணினியிலே தமிழை அனுப்பும் வழக்கமான யு.டி.எஃப்.8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று எழுத்துகளின் இடம் செலவாகிறது. மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் கொம்புக்கும் தனித்தனியே குறிகள் உண்டு. ‘கடலை எண்ணெய்’ என்ற பெயர் இடைவெளி உட்பட 34 இடங்களை எடுத்துக்கொள்ளும். வரியில் இருப்பதோ 20 இடங்கள். தமிழைக் காட்டவல்ல பெரிய திரைகளும் கிடைக்கின்றன. அவற்றின் விலை அதிகம்.

எனவே முதல் வரியில் எண்ணிக்கையும் ஒன்றின் விலையும், இரண்டாம் வரியில் மொத்தத் தொகையும் என்று எண்களை மட்டும் காட்ட முடிவு செய்தோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ரூபாய் நோட்டின் எண்ணும் பஸ்ஸின் எண்ணும் தெரியும். பில் போடுபவர் பொருளின் பெயரையும் தொகையையும் வாய்விட்டும் சொல்ல வேண்டும் என்ற விதியைக் குழுவினர் தாமே சேர்த்துக்கொண்டனர்.

இவ்வாறு பலகை பேசத் தொடங்கிய பத்தாம் நாள் மீண்டும் ஊமையாயிற்று. காலையில் மேசையைத் துடைத்தவர் கேபிளை எடுத்து, வேறொரு யு.எஸ்.பி. துளையில் செருகிவிட்டார், ‘காம் 3’ என்றிருந்த வாசல் ‘காம் 5’ ஆகிவிட்டது. அன்றே அத்துளையின் பக்கத்தில் சிவப்புச் சாயத்தால் பொட்டு வைத்தனர். வாசல் எண், வேகம், கட்டளை முறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மேசையின் உட்புறம் ஒட்டினர். அதன் பிறகு வெளியாளைத் தேடும் அவசியம் நேரவில்லை.

ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை

விலைகாட்டி எல்லாப் பிழைகளுக்கும் மருந்தாகாது என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மையாகும். அது காட்டுவது கணினியில் பதிந்த தொகையை மட்டுமே. எடை குறைந்தால் அது அறியாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசுக்கு முத்திரை இருக்க வேண்டும். தராசு காட்டும் எடையும் வாங்குபவர் கண்ணில் பட வேண்டும். தொகையைப் பார்த்த பின் பில்லையும் கேட்டு வாங்க வேண்டும். பில் கொடுக்காதிருத்தல் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகச் செயலாகும்.

ஆகவே ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தங்கள் ஊரிலுள்ள கூட்டுறவு விற்பனை நிலையத்துக்கோ, மகளிர் குழுவின் கடைக்கோ செல்லும்போது சில விஷயங்களைப் பார்த்து வருதல் நலம். விலைகாட்டி இருக்கிறதா? அது சுவரைப் பார்க்காமல், வாங்குபவரின் கண் உயரத்தில் அவரையே நோக்கி நிற்கிறதா? ஒவ்வொரு பொருளும் பதியப்படும்போது எண் மாறுகிறதா? கடைசியில் காட்டும் தொகையும் பில்லில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா? ஒரு விவசாயி மூன்று மூட்டை யூரியா வாங்குகிறார். மூட்டையின் மேல் 266 ரூபாய் 50 காசு என்று அச்சிட்டிருந்தால், பலகை 799 ரூபாய் 50 காசு காட்ட வேண்டும். கூடுதலாகத் தெரிந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே காரணம் கேட்கலாம். கொடுத்த பின் கேட்பது வழக்கு. கொடுப்பதற்கு முன் கேட்பது பேச்சு.

புதிதாகக் கருவிகள் வாங்கும் சங்கங்களும் குழுக்களும் ஒரு நிபந்தனையை எழுத்திலே சேர்த்துக்கொள்ளவேண்டும். பலகை ஒளிர்வதைப் பார்த்ததும் பணம் கொடுத்துவிடலாகாது. தங்கள் கடையிலே, தங்கள் மென்பொருளிலே மூன்று பில்கள் போட்டு, மூன்று தொகைகளும் பலகையில் சரியாகத் தெரிந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். அமைப்பு விவரங்களையும் கையொப்பத்தோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த மூதாட்டி இப்போது மீண்டும் கடைக்கு வருகிறார். பொருளைப் பையில் வைப்பதற்கு முன் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார். பிறகே முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். அவர் சந்தேகத்தால் பார்க்கிறார் என்று குழுவினர் எவரும் நினைப்பதில்லை. அவர் பார்த்துவிட்டுக் கொடுத்த பணத்துக்குப் பின்னர்க் கேள்வி எழாது என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அளப்பதை, வாங்குபவர் கண்டறிய அளப்போமாக. நம் ஒன்றியத்திலும், மற்ற ஒன்றியங்களிலும், ஊமையாய் நிற்கும் பலகைகள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கட்டும்.